குமிழ்ப் பவளம்: இனங்காண்பதும் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தொட்டியில் இருப்பது குமிழ்ப் பவளம்தானா? எப்படி உறுதி செய்வது?

பகலில் ஒரு முறையும், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். குமிழ்ப் பவளம், அதாவது பபுள் கோரல் (பிளெரோகைரா சினுவோசா), பகலில் திராட்சைக் குலை போல உப்பி நிற்கும். குமிழ்கள் பெரும்பாலும் 1 முதல் 2.5 செ.மீ. வரை இருக்கும். பால்வெள்ளை, கிரீம், சாம்பல் கலந்த பச்சை ஆகியவை வழக்கமான நிறங்கள். குமிழின் மேல்தோலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். இரவில் குமிழ்கள் சுருங்கி, அவற்றுக்கு இடையிலிருந்து கூர்நுனி உணர்கொம்புகள் வெளியே வரும். இந்தப் பகல்–இரவு மாற்றம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி எலும்புக்கூட்டில் இருக்கிறது. குமிழ்கள் சுருங்கியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்து நெளிந்து ஓடும் பள்ளங்களின் இருபுறமும் செங்குத்தான வெள்ளைத் தகடுகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். தகடுகளின் விளிம்பில் பற்கள் கிடையாது, வழவழப்பாக இருக்கும், ஆனால் தோலைக் கிழிக்கும் அளவு கூர்மை. இந்தத் தகடுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பவளத்துக்கு வரும் பெரும்பாலான துன்பங்கள் தண்ணீரிலிருந்து வருவதில்லை. தன் எலும்பின் மேல் தன் சதையே உரசிக் கிழிவதில்தான் அவை தொடங்குகின்றன.

கடையில் 'பேர்ல் பபுள்', 'ஃபாக்ஸ் கோரல்' என்றெல்லாம் விற்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

இல்லை. பேர்ல் பபுள் என்பது ஃபிசோகைரா லிக்டென்ஸ்டைனி. அதன் குமிழ்கள் பட்டாணி அளவில் சிறியவை, பலவற்றில் நுனி விரல் போலப் பிரிந்திருக்கும். எலும்பைப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஃபிசோகைராவில் பள்ளங்களுக்கு இடையிலான இடைவெளி எலும்பால் நிரம்பி, மொத்தமும் ஒரே திரளாக இருக்கும். பிளெரோகைராவில் பள்ளங்கள் தனித்தனியே சுவர் எழுப்பி நிற்கும், நடுவே வெற்றிடம் தெரியும். கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு நுனியிலும் ஒரு வாய் மட்டும் இருந்தால் அது பிளெரோகைரா சிம்ப்ளெக்ஸாக இருக்கலாம்.

ஃபாக்ஸ் கோரல் (நெமென்சோஃபில்லியா டர்பிடா) வேறு ஆள். அதில் குமிழே கிடையாது. மடிப்பு மடிப்பாக அலையும் மென்சதை மட்டும்தான். இரவிலும் உணர்கொம்பு வராது. வளர்ப்பு முறை ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெயர் தவறிப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஒன்றைத் தவிர: ஃபாக்ஸ் கோரல் அண்டை வீட்டாரை அவ்வளவாகத் தாக்காது. குமிழ்ப் பவளம் தாக்கும்.

பபுள் டிப் அனிமோனும் இப்படித்தானே இருக்கிறது?

தூரத்தில் பார்த்தால் குழம்பும். அனிமோனுக்கு எலும்புக்கூடு இல்லை. பாறைப் பிளவுக்குள் காலை ஊன்றிக்கொண்டு, இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய்விடும். அதன் குமிழ் நீண்ட உணர்கொம்பின் நுனியில் இருக்கும், அதன் மேல் சின்னக் காம்பு போல ஒரு முனை. நீங்கள் வாங்கிய 'பபுள் கோரல்' மறுநாள் வேறு இடத்தில் இருந்தால், அது கோரல் அல்ல.

இந்தியாவில் வாங்கி வளர்க்கலாமா?

கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். குமிழ்ப் பவளம் அந்தமான் கடலில் இயல்பாக வாழும் இனம். 'அந்தமான் பீஸ், பேப்பர் எல்லாம் சரியாக இருக்கு' என்று சொல்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இலங்கையிலும் கல்பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, பிரிட்டன், கனடா போன்ற இடங்களில் இருப்பவர்கள் முறையாக இறக்குமதியானதை வாங்கலாம். கல்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும்) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், எல்லை தாண்டி வரும் ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். பண்ணையில் வளர்த்த துண்டு கிடைத்தால் அதையே எடுங்கள். கீழே உள்ளவை சட்டப்படி வளர்க்க முடிந்தவர்களுக்கு.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

150 முதல் 200 லிட்டர் இருந்தால் நிம்மதி. பவளம் பெரிதாக வளரும் என்பதற்காக அல்ல, அது மெதுவாகத்தான் வளரும். உப்பி நிற்கும்போது எலும்பைப் போல் இரண்டு மடங்கு அகலம் பிடிக்கும், சுற்றிலும் காலியிடமும் வேண்டும். தொட்டி ஓடத் தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்பது போதாது. காரத்தன்மை வாரம் முழுக்க அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

மேலே உப்பியிருக்கும் குமிழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே பாருங்கள். சதை எலும்பின் தோள்பட்டை தாண்டிக் கொஞ்சம் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும். சதை முடியும் கோடு தெளிவாக, கொழுகொழுவென்று இருக்கட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே பளிச்சென்று வெள்ளை எலும்பு தெரிந்தால், சதை இப்போதுதான் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எலும்பின் மேல் பச்சைப் பாசியோ இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியோ படர்ந்து, அதை ஒட்டிச் சதை நலமாக இருந்தால் அது பழைய காயம், பரவாயில்லை.

குமிழ்களுக்கு நடுவே ஒரே ஒரு தகடாவது தோலைத் துளைத்து நீட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். குமிழின் மேல் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அவை நகர்கின்றனவா என்று கவனியுங்கள். வாமினோவா என்ற தட்டையான புழு இந்தப் பவளத்தின் மேல் அடிக்கடி குடியேறும்.

இன்னொன்று. விற்பவர் அதை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். குமிழ் உப்பிய நிலையில் நேராகத் தண்ணீருக்கு வெளியே தூக்குகிறார் என்றால், நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே அது கிழிந்துவிட்டது.

வெளியே தூக்கினால் என்ன ஆகும்?

குமிழுக்குள் இருப்பது தண்ணீர். தொட்டிக்குள் இருக்கும்வரை அதற்கு எடை தெரியாது. காற்றுக்கு வந்த கணத்தில் அத்தனை தண்ணீரும் மெல்லிய தோலைக் கீழே இழுக்கும், தோலுக்கு அடியில் கூர்மையான தகடு. கிழிசல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்து அந்த இடத்தில் அழுகல் தொடங்கும்போதுதான் தெரியும்.

சரியான முறை இது. முதலில் பம்பை நிறுத்துங்கள். பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையால் மெதுவாகத் தண்ணீரை அசைத்தால் குமிழ்கள் சுருங்கத் தொடங்கும். முழுதும் சுருங்க 5 முதல் 10 நிமிடம் ஆகும். அவசரப்பட்டுக் குமிழை விரலால் குத்தாதீர்கள். சுருங்கியதும் அடி எலும்பை மட்டும் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் இறக்கி, கிண்ணத்தோடு வெளியே எடுங்கள்.

புதிதாக வாங்கி வந்ததை எப்படித் தொட்டியில் விடுவது?

பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயால் நொடிக்கு 2 முதல் 3 சொட்டு வீதம் உங்கள் தொட்டித் தண்ணீரை 30 நிமிடம் சேருங்கள். உப்புத்தன்மை வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். அடுத்து, அயோடின் கலந்த கோரல் டிப்பில் (பவளத்தைச் சற்று நேரம் முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்) முக்குங்கள். அளவும் நேரமும் புட்டியில் உள்ளபடி, ஒரு சொட்டுகூடக் கூட்ட வேண்டாம். பல டிப்புகள் கிளைப்பவளங்களை நினைத்துத் தயாரிக்கப்பட்டவை. சதைப்பற்றுள்ள இந்த இனத்துக்குக் குறைந்த அளவு, குறைந்த நேரம் போதும். டிப் தண்ணீரையும் பைத் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

முதல் நாள் உப்பாவிட்டால் கவலை இல்லை. ஒரு வாரம் வரை பொறுக்கலாம். அதற்குள் இடம் மாற்றி இடம் மாற்றிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

எங்கே வைப்பது? எவ்வளவு நீரோட்டம், எவ்வளவு ஒளி?

அடித்தட்டில், மணலுக்கு ஒட்டிய பாறை மேடையில். மணலில் புதைத்தால் கீழ்ச்சதையில் மணல் உரசும், புழுக்களும் நத்தைகளும் தோண்டும். கோரலின் அடிப்பகுதி பெரும்பாலும் கூம்பாகக் குறுகி வரும். அதைப் பாறைக் குழியில் செருகி, எப்பாக்ஸி பசையால் ஆடாமல் நிறுத்துங்கள். ஒரு முறை கவிழ்ந்தால் அதன் விலை ஒரு பக்கச் சதை.

நீரோட்டத்துக்கு எண் சொல்வதைவிடக் குமிழையே பார்க்கச் சொல்வோம். குமிழ்கள் மெல்ல நடுங்க வேண்டும், சாயக் கூடாது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மறுபக்கம் தகடுகளின் வெள்ளை விளிம்பு தெரிந்தால் ஓட்டம் அதிகம். குமிழ்களுக்கு இடையே குப்பை தங்கி, நாள் முழுக்க அப்படியே கிடந்தால் ஓட்டம் குறைவு. வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்பை) நேராகப் பவளத்தை நோக்கி வைக்கவே கூடாது. கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் ஓட்டம் போதும்.

ஒளி 50 முதல் 100 பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) வரை இருந்தால் நல்லது. ஒளியை ஏற்றினால் குமிழ் சின்னதாகும், குறைத்தால் பெரிதாகும். உள்ளே வாழும் நுண்பாசிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அதற்கேற்ப இது தன் பரப்பைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே எல்.இ.டி. விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, 3 வாரத்தில் மெல்ல ஏற்றி, குமிழ் சுருங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் வெளிச்சம் போதுமானது.

பக்கத்தில் வேறு பவளம் வைக்கலாமா?

இரவில் இதன் தாக்கும் உணர்கொம்புகள் 10 முதல் 15 செ.மீ. வரை நீளும். நீரோட்டம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் இன்னும் தூரம் எட்டும். சுற்றிலும் 20 செ.மீ. விடுங்கள். ஹேமர் கோரல், டார்ச் கோரல் போன்ற யூஃபிலியா வகைகள் பார்க்க உறவுக்காரர்கள் போலத் தெரிந்தாலும் இதனோடு ஒட்ட வைத்தால் இரண்டில் ஒன்று தோற்கும். லெதர் கோரல் நிறைய உள்ள தொட்டியில் அவை கசியவிடும் ரசாயனங்களால் இது சுருங்கியே கிடக்கலாம். வடிகட்டியில் உள்ள ஆக்டிவேட்டட் கார்பனை மாதம் ஒரு முறை மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம்.

தண்ணீர் அளவுகள்?

வெப்பநிலை 24–26 டிகிரி. உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் பங்கு), அதாவது ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.026. காரத்தன்மை 8–9 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு). கால்சியம் 400–440 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு; அடுத்த எண்களும் இதே அலகில்). மக்னீசியம் 1,300 வாக்கில். நைட்ரேட் 5–15, பாஸ்பேட் 0.03–0.1. கடைசி இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகத் துடிக்காதீர்கள். சதைப்பற்றுள்ள பவளங்கள் அப்படிப்பட்ட தண்ணீரில் பட்டினி கிடந்து வெளிறும்.

இந்த எண்களைத் தொடுவதைவிட அவை அசையாமல் இருப்பது முக்கியம். காரத்தன்மை 7.8-இல் நிலையாக நிற்கும் தொட்டி, திங்கள் 7, வியாழன் 9.5 என்று ஊஞ்சலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

காரத்தன்மை குறைந்தால்: 100 லிட்டர் தண்ணீரில் 1 டி.கே.ஹெச். ஏற்ற 3 கிராம் சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட், பேக்கிங் பவுடர் அல்ல) போதும். ஆர்.ஓ. தண்ணீரில் முழுதும் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டி.கே.ஹெச்.-க்கு மேல் ஏற்ற வேண்டாம். கால்சியத்தை 100 லிட்டரில் 20 பி.பி.எம். ஏற்ற, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 7.5 கிராம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீழ்படிவாகும், இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கணக்கிடும்போது தொட்டியின் மேல் எழுதியுள்ள லிட்டரை எடுக்காதீர்கள். பாறையும் மணலும் போக 200 லிட்டர் தொட்டியில் 160, 170 லிட்டர்தான் தண்ணீர்.

வெயில் காலத்தில் தொட்டி 30 டிகிரி போகிறது. தாங்குமா?

நீண்ட நாள் தாங்காது. 28 தாண்டினால் உள்ளே வாழும் பாசியைப் பவளம் வெளியேற்றத் தொடங்கலாம், குமிழ் கண்ணாடி போல வெளிறும். கடலிலேயே இதுதான் நடந்தது: 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியபோது இந்தியக் கடல்களின் பவளத்திட்டுகள் பெருமளவில் வெளிறின.

தண்ணீர்ப் பரப்பில் மின்விசிறி அடித்தால் ஆவியாதல் மூலம் 2, 3 டிகிரி குறையும். ஆனால் காற்று ஈரமாக உள்ள சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற ஊர்களில் அந்தப் பலன் சுருங்கிவிடும், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி)தான் வழி. விசிறி வைத்தால் ஆவியாவதும் கூடும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

உணவு தர வேண்டுமா? என்ன, எவ்வளவு?

வெளிச்சத்தை வைத்தே உயிர் வாழும், ஆனால் வாரம் ஒரு முறை ஊட்டினால் காயம் சீக்கிரம் ஆறும், சதை தடிக்கும். உறைந்த மைசிஸ் (சின்ன இறால் போன்ற உயிரி) சிறந்தது. பச்சை இறாலும் சரி, 5 மி.மீ.-க்கு மேல் போகாமல் நறுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் உருக்கி, வடிந்த சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

விளக்கு மங்கும் நேரத்தில், உணர்கொம்பு வெளிவந்த பிறகு பம்பை 20 நிமிடம் நிறுத்துங்கள். நீளமான பிப்பெட்டால் ஒரு வாய்க்கு 3, 4 மைசிஸ் வீதம் கொம்பின் மேல் விழவிடுங்கள். குமிழுக்குள் திணிக்கக் கூடாது. பெரிய இறால் துண்டு கொடுத்துவிட்டு 'அப்படியே விழுங்கியது' என்று மகிழ்பவர்கள் உண்டு. மறுநாள் காலை அது பாதி அழுகி வெளியே தள்ளப்பட்டு, சதைக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். கிளீனர் இறால்கள் வாயிலிருந்தே உணவைப் பிடுங்கும். வெட்டிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றை 15 நிமிடம் மேலே கவிழ்த்து வையுங்கள், குமிழில் படாத அகலத்தில்.

குமிழ் பல நாளாக ஊதவில்லை. ஏன்?

இந்த வரிசையில் பாருங்கள். இடம் மாற்றினீர்களா? விளக்கு புதிதா? ஓட்டம் நேராக அடிக்கிறதா? இரவில் டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள்: நண்டோ, துறவி நண்டோ, பெப்பர்மின்ட் இறாலோ சதையைக் கொத்துகிறதா? பட்டாம்பூச்சி மீன், பெரிய ஏஞ்சல் மீன் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அனிமோன் கிடைக்காத கோமாளி மீன் இதையே வீடாக எடுத்துக்கொண்டு நாள் முழுக்க உரசும். சில பவளங்கள் பழகிக்கொள்ளும், பல பழகாது.

இவை எதுவும் இல்லையென்றால் காரத்தன்மையையும் உப்புத்தன்மையையும் அளந்து பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்புத்தன்மை அளக்கும் கருவியை) 35 பி.பி.டி. திரவத்தால் சரிபார்க்காமல் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

வாயிலிருந்து பழுப்பு நூல் வருகிறது, சில சமயம் வெள்ளை நூல். நோயா?

பழுப்புக் கட்டியோ நூலோ எப்போதாவது வந்தால் கழிவும் உபரிப் பாசியும்தான், விட்டுவிடுங்கள். தினமும் வந்தால் ஒளியும் வெப்பமும் அதிகம். வெள்ளை நூல்கள் வேறு: அவை செரிமான இழைகள். பக்கத்துப் பவளத்தோடு சண்டை, அல்லது தோல் கிழிந்த இடம். எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். வாயல்லாத இடம் என்றால் அங்கே காயம் இருக்கிறது.

சதை உரிந்து பழுப்புக் கூழ் போல இருக்கிறது, நாற்றமும் அடிக்கிறது.

இது பிரவுன் ஜெல்லி என்ற தொற்றுநோய். ஒரே இரவில் பாதிப் பவளத்தைத் தின்றுவிடும், பக்கத்து யூஃபிலியாவுக்கும் தாவும். காலை வரை காத்திருக்காதீர்கள்.

எல்லா பம்புகளையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் கூழ் தொட்டி முழுக்கப் பரவும். 6 மி.மீ. குழாயால் கூழை உறிஞ்சி வாளிக்கு எடுங்கள், அந்தத் தண்ணீர் திரும்பத் தொட்டிக்குப் போகக் கூடாது. பவளத்தைக் கிண்ணத்தோடு எடுத்துத் தனி வாளியில் வைத்து, மிச்சம் ஒட்டியுள்ளதைப் பிப்பெட்டால் தொட்டித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு அயோடின் டிப். நலமான சதையும் செத்த எலும்பும் சந்திக்கும் கோட்டைச் சுத்தமாக்கிவிட்டு, முடிந்தால் ஹீட்டரும் மெல்லிய ஓட்டமும் உள்ள தனித் தொட்டியில் ஒரு வாரம் வையுங்கள். கூழ் திரும்ப வந்தால் டிப்பையும் திரும்பச் செய்யுங்கள். பாதிக்கு மேல் போய்விட்ட பவளம் பிழைப்பது அரிது. ஒரு மூலையில் ஒரு வாய் மட்டும் மிஞ்சினாலும் எலும்பைத் தூக்கி எறிய வேண்டாம், அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்கிலிருந்து பல மாதம் கழித்துப் புதுக் குஞ்சுகள் முளைப்பதுண்டு.

கூழ் இல்லாமல் சதை மெதுவாகப் பின்வாங்குவது வேறு கதை. அது பெரும்பாலும் ஓட்டம், உரசல் அல்லது காரத்தன்மை ஊசலாட்டம். காரணத்தைச் சரிசெய்தால் நின்றுவிடும். அதற்கு டிப் செய்து இன்னும் வதைக்க வேண்டியதில்லை.

குமிழ்களுக்கு நடுவே சின்ன இறால், நண்டு தெரிகிறது. எடுத்துவிடவா?

கண்ணாடி போன்ற உடலும் ஊதா நிறக் கோடும் உள்ள இறால் என்றால் விர் ஃபிலிப்பினென்சிஸ். அது இந்தப் பவளத்தின் குமிழ்களுக்கிடையே வாழும் துணை, தீங்கு செய்யாது. செம்பழுப்பு மயிர் மூடிய ஒராங்குட்டான் நண்டும் கடலில் இதன் மேல் அடிக்கடி காணப்படும். இரண்டும் அதிர்ஷ்டம். கறுப்பு நுனிக் கொடுக்குள்ள நண்டு வந்திருந்தால் மட்டும் பிடித்து வெளியேற்றுங்கள்.

வெட்டித் துண்டாக்கிப் பெருக்கலாமா?

கிளைவகையான சிம்ப்ளெக்ஸை, கிளையின் அடியில் சதையில்லாத இடத்தில் வெட்டலாம். சினுவோசாவை வெட்டுவது எங்கள் பரிந்துரை அல்ல. ஒரே நீள் பள்ளத்தில் பல வாய்கள் சதையால் இணைந்திருப்பதால் எங்கே அறுத்தாலும் உயிருள்ள திசு கிழியும், உடனே பிரவுன் ஜெல்லிக்கு வாசல் திறக்கும். கோரல் கட்டர் அழுத்தினால் லேசான எலும்பு நினைத்த இடத்தில் உடையாது. வைரத்தூள் பூசிய பேண்ட் சா இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அடிப்பகுதியில் தானாக முளைக்கும் குஞ்சுகள் 1 செ.மீ. அளவு எலும்பு கட்டிய பிறகு அவற்றைப் பிரித்தெடுப்பதே பாதுகாப்பான வழி.

கையில் கொட்டுமா?

கொட்டும். பெரும்பாலானோருக்கு அரிப்பும் சிவந்த தடிப்பும், சிலருக்கு ஒவ்வாமை. நைட்ரைல் கையுறை போடுங்கள், தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கையுறை இருந்தாலும் இரவில் உணர்கொம்பு நீண்டிருக்கும்போது தொட்டிக்குள் வேலை வேண்டாம்: உங்களுக்காக மட்டுமல்ல, நீண்டிருக்கும் கொம்பு கையில் ஒட்டி அறுந்தால் அதுவும் பவளத்துக்கு ஒரு காயம்.